கூடத்தில் ஒரு பந்தயம்

நுழையும்முன்

தாயம், பல்லாங்குழி, பரமபதம் என வீட்டுக்குள் ஆடிய விளையாட்டுகள் பல தலைமுறையினரை ஓரிடத்தில் அமரச் செய்தன. அவ்வரிசையில் இன்று தொலைக்காட்சித் திரையும் சேர்ந்துள்ளது. குடும்பத்தினர் கூடி ஆடும் கார்ப்பந்தய நிகழ்பட விளையாட்டு எவ்வாறு தோன்றியது, எவ்வாறு இயங்குகிறது, வயதிலும் திறனிலும் வேறுபட்டோரை எவ்வாறு ஒன்றாக ஆடச் செய்கிறது என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மே மாதத்துப் பிற்பகல். தாம்பரத்தை அடுத்த சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. வெளியே வெயில் தகிக்கிறது. தெருவில் பிள்ளைகளைக் காணவில்லை. கூடத்தில் தொலைக்காட்சியின் முன் நால்வர் அமர்ந்திருக்கின்றனர். ஒருத்தி பதினொன்றாம் வகுப்பு மாணவி. அருகில் அவளுடைய எட்டு வயதுத் தம்பி. வார விடுமுறையில் வீட்டிலிருக்கும் தந்தை. கோடைக்கு ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. திரை நான்காகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வண்டி ஓடுகிறது. மூன்றாம் சுற்றின் கடைசி வளைவில் மாணவியின் வண்டி எல்லாரையும் முந்துகிறது. அப்போது, கடைசியாக வந்துகொண்டிருந்த பாட்டி ஏவிய நீல நிற ஆமையோடு பறந்து வந்து அவ்வண்டியைத் தாக்குகிறது.

"ஏன் பாட்டி என்னை அடிச்சே?" என்று பேத்தி சிணுங்குகிறாள்.

"முன்னாடி போறவளைத்தானேடி வெட்டணும்?" என்கிறார் பாட்டி.

'வெட்டுதல்' என்பது தாயக்கட்டத்துச் சொல். பாட்டிக்குத் திரை புதிது, ஆட்டம் புதிதன்று.

தாயமும் பந்தயமே

பலகை விளையாட்டுகளில் ஒரு வகை, காய்களைக் குறித்த பாதையில் நகர்த்தி முதலில் இலக்கை அடைவதாகும். இவற்றை ஓட்ட விளையாட்டுகள் என்பர். தாயமும் பரமபதமும் இவ்வகையின. தாயத்தில் 'ஒன்று' விழுந்தால்தான் காய் கட்டத்துக்குள் இறங்கும். ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை விழுந்தால் மீண்டும் உருட்டலாம். எதிரியின் காய் நிற்கும் கட்டத்தை அடைந்தால் அதனை வெட்டலாம். வெட்டுப்பட்ட காய் தொடக்கத்திலிருந்து புறப்பட வேண்டும். மலையில் நிற்கும் காயை வெட்ட இயலாது. நடுக்கட்டத்தை எட்டிய காய் பழம் ஆகும்.

இவ்விதிகளைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். எந்தக் காயை நகர்த்துவது, எப்போது மலையில் ஒதுங்குவது என்பவற்றுக்கு அறிவு வேண்டும். ஆனால், உருளும் கட்டைக்கு முதியவர், சிறியவர் என்னும் வேறுபாடு தெரியாது. அனுபவம் மிக்கவர் தம் திறமையால் முன்னேறினாலும், ஒரு பன்னிரண்டு விழுந்தால் சிறுவனும் அவரைப் பிடித்துவிடலாம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்திலோ ஏணியும் பாம்பும் எல்லாருக்கும் பொது. திறன் ஒவ்வாதோர் ஒரே கட்டத்தைச் சுற்றி அமர்ந்து, ஆட்டம் முடியும்வரை நம்பிக்கை இழக்காமல் ஆடுவதற்கு இந்த அமைப்பே காரணம். வீட்டு விளையாட்டுக்கு இன்றியமையாத இப்பண்பு, திரை விளையாட்டுக்கும் வந்து சேர்ந்த கதை சுவையானது.

திரைக்கு வந்த ஆட்டம்

வீட்டுத் தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் முதல் வணிகக் கருவி 1972ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'மேக்னவாக்ஸ் ஒடிசி' ஆகும். இதற்கு அடிப்படையான கருவியை வடிவமைத்தவர் ரால்ஃப் பேர் என்னும் பொறியாளர். தொலைக்காட்சி பார்ப்பதற்கு மட்டும் உரியதாக இருந்த காலத்தில், பார்ப்பவர் அதனை இயக்கவும் கூடாதா என்று எண்ணியவர் அவர். ஒடிசியின் திரையில் தோன்றியவை சில ஒளிப்புள்ளிகளும் ஒரு கோடும் மட்டுமே. அதனால் ஆடுகளத்தின் படம் அச்சிட்ட நெகிழித்தாளைத் தொலைக்காட்சியின் மேல் ஒட்டி ஆடினர். மதிப்பெண்ணைக் கணக்கிடும் திறனும் அதற்கில்லை. எதிரே அமர்ந்திருப்பவரின் நேர்மையை நம்பி, ஆடுவோரே எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டனர்.

கார்ப்பந்தயம் முதலில் கடைகளிலும் பொழுதுபோக்கு நிலையங்களிலும் நிற்கும் பெரிய பெட்டிகளில் இடம்பெற்றது. 1974இல் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'கிரான் டிராக் 10' என்னும் பெட்டியில் திசைமாற்றிச் சக்கரம், கியர், மிதிகட்டை ஆகியன இருந்தன. மேலிருந்து பார்ப்பதுபோல் தடம் முழுவதும் அதன் திரையில் தெரிந்தது. 1982இல் நாம்கோ நிறுவனத்தின் 'போல் பொசிஷன்' வண்டியின் பின்னிருந்து பார்க்கும் காட்சியைத் தந்தது. சாலை எதிரே விரிந்து வந்து காலடியில் மறைவதுபோன்ற அத்தோற்றத்தையே இன்றைய பந்தய விளையாட்டுகள் பலவும் பின்பற்றுகின்றன.

தெரியுமா?

திரையில் ஆடும் முதல் வீட்டுக் கருவியான 'மேக்னவாக்ஸ் ஒடிசி'யுடன் பகடைக்காய்கள், சீட்டுக்கட்டு, விளையாட்டுப் பணத்தாள் ஆகியனவும் பெட்டியில் வைத்து விற்கப்பட்டன. பலகை விளையாட்டின் துணையோடுதான் திரை விளையாட்டு வீட்டுக்குள் நுழைந்தது.

கடற்கரை நிலையமும் 'டி.வி. கேமு'ம்

சென்னையின் தென்புறநகருக்கு இவ்விளையாட்டு தொடர்வண்டி ஏறி வந்தது என்று கூறலாம். கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே, ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுக்கு, 1931ஆம் ஆண்டு மின்தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் ஆகிய ஊர்கள் நகரத்து அலுவலர்களின் குடியிருப்புகளாக வளர இத்தடம் துணைபுரிந்தது. அத்தடத்தின் மறுமுனையான கடற்கரை நிலையத்துக்கு எதிரே உள்ளது பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கடை வைத்துப் பிழைக்க அமைந்த அக்கடைத்தெரு, வெளிநாட்டு மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்றது.

ஜப்பானிய நிறுவனமான நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட 'ஃபேமிகாம்' கருவியைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள், 1990களில் இந்தியக் கடைகளில் பரவலாக விற்பனையாயின. 'டி.வி. கேம்' என்பதே அவற்றுக்கு மக்கள் இட்ட பெயர். ஒரே கேசட்டில் பல விளையாட்டுகள் அடங்கியிருந்தன. அவற்றுள் 'ரோடு ஃபைட்டர்' என்னும் பந்தயத்தை அக்காலப் பிள்ளைகள் பலர் அறிவர். எரிபொருள் தீருமுன் பிற வண்டிகளின்மேல் மோதாமல் இலக்கை எட்ட வேண்டும்.

ஆனால், அந்தப் பந்தயத்தை ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும். அக்காள் ஆட, தம்பி காத்திருந்தான். வண்டி மோதி வெடித்தபிறகுதான் கைப்பிடி அவனிடம் வரும். கூட இருந்தும் கூடி ஆட இயலவில்லை. இக்குறையைத் தீர்க்கத் திரையையே பங்கிட வேண்டியிருந்தது.

திரையைப் பங்கிடுதல்

1992ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் ஜப்பானில் வெளிவந்த 'சூப்பர் மாரியோ கார்ட்' அவ்வாறு திரையைப் பங்கிட்ட விளையாட்டுகளுள் பெரும்புகழ் பெற்றது. நின்டெண்டோ நிறுவனம் இதற்குமுன் வெளியிட்ட 'எஃப்-ஜீரோ' என்னும் பந்தயம் ஒருவர் மட்டுமே ஆடுவது. இருவர் ஒரே நேரத்தில் ஆடும் பந்தயத்தை உருவாக்க வேண்டும் என்பதே புதிய விளையாட்டின் தொடக்க நோக்கம். ததாஷி சுகியாமா, ஹிதேகி கொன்னோ ஆகியோர் இதனை இயக்கினர். ஷிகெரு மியாமோதோ தயாரித்தார். திரையின் மேற்பாதி ஒருவருக்கும் கீழ்ப்பாதி மற்றவருக்கும் உரியதாயிற்று. 1996இல் வந்த 'மாரியோ கார்ட் 64' நால்வர் ஆட இடமளித்தது.

திரைப்பகுப்பு எளிதாகத் தோன்றினாலும் கருவிக்குக் கடினமான பணியாகும். வண்டிகள் எங்கே உள்ளன, எவ்வளவு விரைவில் செல்கின்றன என்பவற்றைக் கருவி ஒருமுறை கணக்கிட்டால் போதும். ஆனால், காட்சியை ஆடுவோர் ஒவ்வொருவரின் பார்வையிலிருந்தும் தனித்தனியே வரைய வேண்டும். நால்வர் ஆடினால் ஒரே கணத்துக்கு நான்கு காட்சிகள். 2017இல் வெளிவந்த 'மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்' விளையாட்டில் ஒருவரோ இருவரோ ஆடும்போது நொடிக்கு 60 சட்டகங்கள் வரையப்படுகின்றன. மூவரோ நால்வரோ ஆடினால் அவ்வெண்ணிக்கை 30ஆகக் குறைகிறது. மணிக்கு 72 கி.மீ. விரைவில் செல்லும் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கும். நொடிக்கு 60 சட்டகம் எனில், ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே வண்டி ஏறத்தாழ 33 செ.மீ. நகர்ந்திருக்கும், 30 சட்டகம் எனில் 67 செ.மீ. நகர்ந்திருக்கும். உடன் ஆடுவோர் கூடும்போது காட்சியின் வழவழப்பு சற்றுக் குறைகிறது. நால்வர் சேர்ந்து ஆடுவதற்காகக் கருவி கொடுக்கும் விலை அது.

தொலைக்காட்சியும் இதில் பங்கு பெறுகிறது. இன்றைய தொலைக்காட்சிகள் படத்தை அழகுபடுத்திக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. திரைப்படம் பார்க்கும்போது அத்தாமதம் தெரியாது. பந்தயத்திலோ, பத்தில் ஒரு நொடி தாமதித்தால் மேற்கூறிய வண்டி 2 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். பொத்தானை அழுத்தியும் வண்டி திரும்பவில்லை என்று ஆடுபவர் மயங்குவார். தொலைக்காட்சியின் அமைப்புப் பகுதியில் உள்ள 'கேம் மோடு' என்னும் தெரிவு இத்தாமதத்தைக் குறைக்கிறது. கருவியையோ கன்ட்ரோலரையோ குறைகூறுமுன் அதனைச் சரிபார்த்தல் நன்று.

திரைப்பகுப்பில் இன்னொரு சிறப்பும் உண்டு. ஒருவர் ஓட்டுவதை மற்றவர் பார்க்கலாம். அக்காள் எந்த இடத்தில் குறுக்குவழி பிடித்தாள், தந்தை எந்த வளைவில் தடுமாறினார் என்பன ஒளிவுமறைவின்றித் தெரியும். தாயக்கட்டத்தில் எல்லாக் காய்களும் எல்லார் கண்முன்னும் இருப்பதைப் போன்றது இது. பார்த்துக் கற்கவும் கேலி பேசவும் இத்திறந்த களமே வாய்ப்பளிக்கிறது.

சமனாக்கும் விதி

எட்டு வயதுச் சிறுவனும் எழுபதைத் தொடும் பாட்டியும் நாள்தோறும் பழகும் மாணவியோடு எவ்வாறு போட்டியிட முடியும்? இவ்வினா நம் ஊர்ப்புறப் பந்தயங்களுக்கும் பழையதே. சிவகங்கை, மதுரை, தூத்துக்குடி மாவட்டங்களில் நடைபெறும் மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு மாடு எனப் பிரிவுகள் உண்டு. பிரிவுக்கேற்பத் தொலைவும் மாறும். இணையானவற்றை இணையானவற்றோடு மட்டும் ஓடவிடுவது அம்முறை.

வீட்டில் அவ்வாறு பிரிக்க இயலாது. பிரித்தால் பாட்டி தனியே ஓட வேண்டியிருக்கும். எனவே, வீட்டுப் பந்தய விளையாட்டுகள் வேறு வழிகளைக் கையாளுகின்றன. முதலாவது, தடத்தில் கிடைக்கும் துணைப்பொருள்கள். 'மாரியோ கார்ட்' வரிசையில் முன்னணியில் செல்பவருக்கு எளிய பொருளும் பின்தங்கியவருக்கு வலிய பொருளும் கிடைக்கும் வாய்ப்பு மிகுதி. 'மாரியோ கார்ட் 64'இல் அறிமுகமான நீல நிற ஆமையோடு, முதலிடத்தில் இருப்பவரையே தேடிச் சென்று தாக்கும். தாயக்கட்டை செய்த வேலையை இங்குத் துணைப்பொருள் செய்கிறது. இரண்டாவது, ஓட்டுநர் உதவி. 'மாரியோ கார்ட் 8 டீலக்ஸ்' விளையாட்டில் வண்டி தடத்தை விட்டு விலகாமல் காக்கும் வசதியும், பொத்தானை அழுத்தாமலே முன்னோக்கிச் செல்லும் வசதியும் உள்ளன. ஒவ்வொருவரும் தமக்குத் தேவையானதை மட்டும் தெரிவு செய்யலாம். பாட்டிக்கு இரண்டும், தம்பிக்கு ஒன்று, மாணவிக்கு எதுவும் வேண்டா.

உழைத்துப் பழகியவரை இவ்வாறு பின்னிழுப்பது முறையா என்னும் ஐயம் எழலாம். அவ்வையம் தள்ளத்தக்கதன்று. ஆனால், ஒரு கோப்பை என்பது நான்கு பந்தயங்களின் மதிப்பெண்களைக் கூட்டி முடிவு செய்வது. ஒரு பந்தயத்தில் நல்வாய்ப்பு முந்தலாம்; நான்கிலும் அதுவே நிலைத்தல் அரிது. திறனுடையவர் பெரும்பாலும் வெல்கிறார்; ஆயினும் எப்போதும் வெல்வதில்லை. அந்த இடைவெளியில்தான் பாட்டியின் நம்பிக்கை பிழைத்திருக்கிறது. எதிர்பார்ப்புக்கு இடமில்லாத ஆட்டத்தை இருமுறை ஆடியதும் முதியவர் கன்ட்ரோலரை வைத்துவிட்டு எழுந்து செல்வார். வென்றவருக்கும் அப்போது உடன் ஆட ஆள் இல்லை.

திறனை மட்டுமே அளக்கும் விளையாட்டுகளும் உண்டு. கசுனோரி யமவுச்சியின் தலைமையில் உருவாகி 1997 டிசம்பரில் வெளிவந்த 'கிரான் டூரிஸ்மோ' உண்மைக் கார்களின் இயல்பை இயன்றவரை திரையில் காட்ட முயன்றது. வளைவுக்கு முன் எங்கே வேகத்தைக் குறைப்பது என்று அறியாதவர் அதில் தடத்தில் நிலைக்க முடியாது. அதிலும் இருவர் திரையைப் பகிர்ந்து ஆடலாம். திறனில் ஒத்த உடன்பிறந்தார்க்கு அது ஏற்றது. கூடத்தில் யார் யார் அமர்ந்திருக்கின்றனர் என்பதைப் பொறுத்தே விளையாட்டைத் தெரிவு செய்ய வேண்டும்.

திரையும் சாலையும்

உண்மைப் பந்தயமும் இப்பகுதிக்கு அயலானதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் பல்லாண்டுகள் கார்ப்பந்தயம் நடைபெற்றது. பின்னர், திருப்பெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கி.மீ. நீளமுள்ள பந்தயத்தடம் அமைந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005ஆம் ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றிய சாலைகளில் இரவுநேர ஃபார்முலா 4 பந்தயம் நடைபெற்றது.

திரையிலிருந்து தடத்துக்குச் சென்றவர்களும் உளர். 'கிரான் டூரிஸ்மோ' ஆடுவோரிலிருந்து ஓட்டுநரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்றுவிக்கும் திட்டம் 2008இல் தொடங்கியது. 2011இல் அதில் வென்ற பிரித்தானிய இளைஞர் ஜான் மார்டன்பரோ தொழில்முறை ஓட்டுநரானார். ஆனால், அவரும் கடும் பயிற்சி பெற்று, காப்புடை அணிந்து, மருத்துவரும் மீட்புக்குழுவும் காத்து நிற்கும் தடத்தில்தான் ஓட்டினார்.

இங்கு ஒரு வேறுபாட்டை மறத்தல் கூடாது. திரையில் பள்ளத்தில் விழுந்த வண்டி சில நொடிகளில் மீண்டும் தடத்துக்கு வந்துவிடும். ஜி.எஸ்.டி. சாலையில் அவ்வாறு மீட்டு வைக்கும் கை எதுவும் இல்லை. கியர் உள்ள வண்டியை ஓட்ட 18 வயது நிரம்பி உரிமம் பெற்றிருக்க வேண்டும். சிறார் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் தண்டமும் மூன்றாண்டு வரை சிறையும் விதிக்க 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வழிசெய்கிறது. விரைவின் இன்பத்தைத் திரையோடு நிறுத்திக்கொள்வது அச்சத்தால் அன்று. சாலையில் உடன் செல்வோர் நம்மோடு பந்தயத்துக்கு இசைந்தவர் அல்லர் என்பதால் ஆகும்.

அளவும் காவலும்

எந்த விளையாட்டும் அளவு மீறினால் கேடு தரும். விளையாட்டின்மேல் கட்டுப்பாட்டை இழத்தல், பிற கடமைகளை விட அதனை முதன்மையாகக் கொள்ளுதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகிய நிலை பொதுவாக ஓராண்டு நீடித்தால் அதனை ஒரு கோளாறாக உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு வரையறுக்கிறது. 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினொன்றாம் பதிப்பில் இது இடம்பெற்றுள்ளது. விளையாடுவோர் அனைவரும் நோயுற்றோர் என்பது இதன் பொருளன்று. உறக்கம், உணவு, படிப்பு, நட்பு ஆகியவற்றை ஆட்டம் விழுங்கத் தொடங்கும் எல்லையை உணர வேண்டும் என்பதே பொருள்.

பணமும் கருதத்தக்கது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்து 2025இல் நடுவணரசு சட்டம் இயற்றியது. கூடத்தில் பணயமின்றி ஆடும் பந்தயம் அவ்வகையைச் சேர்ந்ததன்று. எனினும், சில விளையாட்டுகள் புதிய வண்டிக்கும் அலங்காரத்துக்கும் உள்ளே பணம் கேட்கும். பெற்றோரின் வங்கி அட்டை எண்ணைக் கருவியில் சேமித்து வைக்காதிருத்தல் எளிய காப்பு.

கூடி ஆடும் வீட்டில் காவல் பெரும்பாலும் தானே அமைந்துவிடுகிறது. கருவி படுக்கையறையில் இல்லாமல் கூடத்தில் இருக்கும். நிமிடக் கணக்கைவிட 'ஒரு கோப்பை' என்னும் அளவு சண்டைக்கு இடமளிக்காது; நான்காம் பந்தயம் முடிந்ததும் ஆட்டம் இயல்பாக நின்றுவிடும். கன்ட்ரோலர் இரண்டே இருந்தால் தோற்றவர் அடுத்தவரிடம் கொடுப்பது வழக்கமாகும். தோற்றவரை இகழாமையும், வென்றவரை வாழ்த்துதலும், பொய்யாகத் தோற்றுக் காட்டாமையும் எழுதப்படாத விதிகளாக நிலைபெறும். பெரியோர் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் பிள்ளைகள் எளிதில் கண்டுகொள்வர்; தந்தையை மெய்யாகவே வென்ற நாளைத்தான் அவர்கள் நினைவில் வைத்திருப்பர்.

ஒரே வீட்டில் நால்வர் நான்கு கைப்பேசிகளைத் தனித்தனியே பார்த்திருப்பதும் இன்று நிகழ்கிறது. அங்கும் திரைகள் நான்கு. இங்கும் திரையின் பகுதிகள் நான்கு. அங்கு ஒருவர் சிரித்தால் மற்றவருக்குக் காரணம் தெரியாது. இங்கு எல்லாரும் ஒன்றையே பார்த்துச் சிரிக்கின்றனர். பயன்படுத்தும் கருவியைக் காட்டிலும் அமர்ந்திருக்கும் முறையே இவ்வேறுபாட்டை உண்டாக்குகிறது.

சேலையூர் வீட்டில் நான்காம் பந்தயத்தின் நடுவில் மின்சாரம் நின்றுவிடுகிறது. திரை இருள்கிறது. தம்பி முதலிடத்தில் இருந்ததாகச் சாதிக்கிறான், அக்காள் மறுக்கிறாள், தந்தை இருவரையும் அமர்த்துகிறார். பாட்டி எழுந்து அலமாரியிலிருந்து தாயக்கட்டையை எடுத்து வருகிறார். பேத்தி சுண்ணக்கட்டியால் தரையில் கட்டம் வரைகிறாள். நால்வரும் அதே இடத்தில், இம்முறை ஒருவரையொருவர் நோக்கி அமர்கின்றனர்.

கலைச்சொற்கள்

நிகழ்பட விளையாட்டு – வீடியோ கேம்
திரைப்பகுப்பு – ஸ்பிலிட் ஸ்கிரீன்
சட்டகம் – ஃபிரேம்
விளையாட்டுக் கருவி – கன்சோல்
துணைப்பொருள் – ஐட்டம்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டுத் தாய விளையாட்டின் விதிகளைத் தொகுக்க. பிற மாணவர் தொகுத்தவற்றோடு ஒப்பிட்டு, ஊருக்கு ஊர் மாறும் விதிகளைப் பட்டியலிடுக.
2. 'பின்தங்கியவருக்கு உதவும் விளையாட்டு விதி முறையானதே / முறையற்றதே' என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.
3. மணிக்கு 108 கி.மீ. விரைவில் செல்லும் வண்டி, நொடிக்கு 30 சட்டகம் வரையும் திரையில் ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு தொலைவு நகரும் எனக் கணக்கிட்டு, விடையை இரண்டு தொடர்களில் விளக்குக.
4. மூன்று தலைமுறையினர் சேர்ந்து ஆடுவதற்கேற்ற புதிய வீட்டு விளையாட்டு ஒன்றை உருவாக்கி, அதன் விதிகளை எழுதுக.